கேட்ட செவியும் சொன்ன வாயும்

ஒருவன் அடைந்த இன்பத்தைப் பொய் என்று சொல்ல இன்னொருவனுக்கு உரிமை உண்டா?

துன்பத்தைப் பற்றி இப்படி ஒரு கேள்வி எழுவதில்லை. தலைவலி என்று ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ‘உனக்கு வலிப்பதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான், உண்மையில் வலிக்கவில்லை’ என்று யாரும் வாதாடுவதில்லை. வலிப்பதாகத் தோன்றினாலே அது வலிதான். ஆனால் இன்பத்தின் விஷயத்தில் நாம் இத்தனை பெருந்தன்மையாக இருப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர் ஒரு பொருளை அதிக விலை கொடுத்து வாங்கி, அதனால் மனம் நிறைந்திருக்கிறது என்று சொல்லட்டும். உடனே நமக்குள் இருக்கும் நீதிபதி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ‘இதில் அப்படி என்ன இருக்கிறது? மனிதர் நன்றாக ஏமாந்திருக்கிறார்’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்.

அந்த நீதிபதி எழுதும் தீர்ப்பு நியாயமானதுதானா என்று பார்ப்பதற்கு மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளப் போகிறேன். பெரிய பொருள்களில் பதவி, கௌரவம், உறவு எல்லாம் வந்து கலந்துகொண்டு குழப்பும். சிறிய பொருளில் மனித மனம் தனியாகத் தெரியும். நான் எடுத்துக்கொண்டது ஒரு மின்சாரப் பெட்டி. பாட்டுக் கேட்கும் கருவிக்கு மின்சாரம் தருகிற பெட்டி. கடைக்காரர்கள் ‘பவர் சப்ளை’ என்பார்கள்.

என் நண்பர் ஒருவருக்குச் சங்கீதம் என்றால் உயிர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தம்மிடமிருந்த இசைத்தட்டுகளையெல்லாம் இரண்டு ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்து ஓர் ஐபாடுக்குள் ஏற்றி வைத்தவர். ஐபாடை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபரில் வெளியிட்டது. சட்டைப் பையில் அடங்கும் பெட்டிக்குள் ஆயிரம் பாட்டுகளை அடக்கிக் காட்டி உலகத்தை வியக்க வைத்தது. பிறகு கைபேசியே எல்லாமாகிவிட்டது. 2022 மே மாதத்தில் ஐபாடின் கடைசி வகையையும் நிறுத்திவிட்டதாக ஆப்பிள் அறிவித்தது. நண்பர் அதற்காகத் தம் ஐபாடைக் கைவிடவில்லை. வயதாகிவிட்டது என்பதற்காக யாராவது பசுவைத் தெருவில் விடுவார்களா என்பது அவர் கட்சி.

ஐபாடை வீட்டு ஸ்பீக்கர்களோடு சேர்ப்பதற்கு ‘டாக்’ என்று ஒரு பீடம் வேண்டும். சாமி விக்கிரகத்தை எழுந்தருளச் செய்வதுபோல் ஐபாடை அதன்மேல் நிறுத்தினால் பாட்டு ஸ்பீக்கர் வழியாக வரும். சாதாரண டாக்குகள் ஐபாடுக்குள்ளேயே ஒலியாக மாறிவிட்டதைத்தான் வெளியே எடுத்தன. 2008-ல் அமெரிக்க நிறுவனமான வாடியா ஒரு புதுவகை டாக்கைக் கொண்டுவந்தது. அது ஒலியாக மாறுவதற்கு முன்பே, பாட்டை எண்களாகவே வெளியே எடுத்து, ஒலியாக மாற்றும் வேலையை வேறொரு நல்ல கருவியிடம் ஒப்படைத்தது. சங்கீத ரசிகர்கள் கொண்டாடினார்கள். நண்பரிடம் இருப்பது அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு டாக்தான். 2012-ல் ஆப்பிள் தன் கருவிகளின் அடிப்பக்கத்துச் செருகுவாயை மாற்றிவிட்டதால், அத்தகைய டாக்குகள் எல்லாம் ஒரே நாளில் பழம்பொருள்களாகிவிட்டன. அந்தப் பழம்பொருளுக்குத்தான் நண்பர் புதிய பவர் சப்ளை ஒன்று வாங்கி மாட்டினார்.

அதற்கு முன்பு டாக்கோடு கூடவே வந்த, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அடாப்டர் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது கெட்டுப்போகவில்லை. ஆனாலும் அதைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஓர் இரும்புப் பெட்டியை வைத்தார். அந்தப் பெட்டியின் விலை டாக்கின் விலையைத் தொட்டுவிட்டது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தெரியாமல் மேலே போக முடியாது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தம் உடையது. விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. கருவிக்கு உள்ளே இருக்கும் நுண்ணிய உறுப்புகளுக்கு அது உதவாது. அவற்றுக்குச் சில வோல்ட்டே போதும். அதுவும் ஒரே திசையில், அலையாமல் வர வேண்டும். தெருக் குழாயில் விட்டுவிட்டுப் பீறிக்கொண்டு வரும் தண்ணீரை மாடித் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து சீராக இறக்கிக்கொள்கிறோம் அல்லவா? அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

அதைச் செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில் ஒரு கனமான டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தைக் குறைக்கிறது. டையோடுகள் அலையை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அப்போது மின்சாரம் விநாடிக்கு 100 மேடுகளாக வருகிறது. கெப்பாசிட்டர்கள் என்னும் தொட்டிகள் அந்த மேடு பள்ளங்களை நிரவுகின்றன. மிச்சமிருக்கும் சிற்றலையை ரெகுலேட்டர் மட்டம் தட்டிவிடுகிறது. புதிய வழியில் மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம், சில சமயம் லட்சக்கணக்கான முறை துண்டு துண்டாக நறுக்கிச் சேர்க்கிறார்கள். அப்படி விரைவாக நறுக்கினால் மிகச் சிறிய டிரான்ஸ்பார்மரே போதும். அதனால் கனம் குறைவு, சூடு குறைவு, விலையும் குறைவு. ஆனால் நறுக்கும்போது தூசி பறப்பதுபோல் ஒரு மெல்லிய மின் இரைச்சல் எழும். நன்றாகச் செய்த அடாப்டர் அதை வடிகட்டிவிடும். மட்டமாகச் செய்தது வெளியே விட்டுவிடும். நண்பர் கழற்றியது புதிய வழியில் செய்தது. மாட்டியது பழைய வழியில் செய்தது.

பெட்டி வந்த மறுநாள் காலையில் நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் இருபது வயது குறைந்திருந்தது. “பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கிறது! தம்பூராவுக்குப் பின்னால் இருந்த புழுதியெல்லாம் போய்விட்டது. இத்தனை ஆண்டுகளாக நான் பாட்டைக் கேட்கவே இல்லை என்று தோன்றுகிறது” என்றார். ஒரே பாட்டை அன்று ஆறு முறை கேட்டாராம்.

இந்தச் செய்தி பரவியவுடன் நண்பர்களிடையே இரண்டு கட்சிகள் பிறந்தன. பொறியியல் படித்த உறவினர் ஒருவர், ‘கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று?’ என்று சிரித்தார். அவர் சொன்ன காரணம் வலுவானது. டாக்கிலிருந்து வெளியே போவது ஒலி அல்ல, எண்கள். குறுந்தகடுகளில் உள்ள பாட்டு ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்பட்ட எண்களின் வரிசை. எல்லாம் சுழியும் ஒன்றுமாக எழுதப்பட்டவை. காசோலையில் மை சற்று மங்கலாக இருந்தால் வந்து சேரும் பணம் குறைந்துவிடுமா? தொகையைப் படிக்க முடிகிற வரையில் ஒரு காசும் குறையாது. மின்சாரத்தில் சிறிது தூசி இருந்தால் எண்களின் மை மங்கலாம். ஆனால் எண் மாறிவிடாது.

நண்பரின் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வோர் எண்ணும் தன் நேரத்தில் வர வேண்டும். தாளம் தப்பினால் சரியான சுரம்கூட அபசுரம்தானே என்று அவர் கேட்டார். மின்சாரத்தின் அசுத்தம் கருவியின் உள்ளே இருக்கும் கடிகாரத்தைத் தடுமாறச் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தடுமாற்றம் விநாடியின் கோடிக்கணக்கான பங்குகளில் அளக்கப்படுவது. மேலும், எண்களைப் பெற்று ஒலியாக்கும் நல்ல கருவிகள் அதைப் பெரும்பாலும் தாமே திருத்திக்கொள்கின்றன. கருவியால் அளக்க முடிவதெல்லாம் காதுக்கு எட்டும் என்று சொல்ல முடியாது.

பவர் சப்ளையை மாற்றுவதே பைத்தியக்காரத்தனம் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஐபாடுக்குள்ளேயே ஒலியாக மாறி வரும் சாதாரண டாக்குகளில், மட்டமான அடாப்டரின் இரைச்சல் பாட்டோடு கலந்து ‘கீ’ என்றோ ‘ங்’ என்றோ ஸ்பீக்கரில் வந்துவிடுவது உண்டு. அப்போது நல்ல அடாப்டரை மாட்டினால் இரைச்சல் நிற்கும். அது நின்றுவிட்டதைச் சொல்லச் சங்கீத ஞானம் வேண்டாம். பத்து வயதுப் பையன் சொல்லிவிடுவான். பல ஆண்டுகள் சூட்டில் கிடந்த அடாப்டரில் கெப்பாசிட்டர்கள் உலர்ந்து போவதும் உண்டு. அதை மாற்றுவது பழைய வீட்டின் ஓட்டை மாற்றுவதுபோல் அவசியமான வேலை. ஆனால் நண்பரின் டாக்கில் முன்பும் இரைச்சல் இல்லை, பின்பும் இல்லை.

அப்படியானால் நண்பர் கேட்டது என்ன? அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்லர். அந்தக் காலையில் அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியை யாராலும் நடித்துக் காட்ட முடியாது.

இதற்கு அறிஞர்கள் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். 2008-ல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. அது மதுவைப் பற்றிய ஆராய்ச்சி. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே மதுவை 10 டாலர் விலையுள்ளது என்று சொல்லி ஒரு முறையும், 90 டாலர் விலையுள்ளது என்று சொல்லி ஒரு முறையும் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோதே சுவை அதிகம் என்றார்கள் குடித்தவர்கள். அவர்கள் மரியாதைக்காக அப்படிச் சொல்லவில்லை. இன்பத்தை உணரும் மூளைப் பகுதியே அப்போது அதிகமாக வேலை செய்ததைக் கருவிகள் காட்டின. அதாவது, மது மாறவில்லை. இன்பம் மெய்யாகவே மாறியது.

வயலின்களுக்கும் இது நேர்ந்தது. 2010-ல் இண்டியானாபொலிஸ் நகரில் தேர்ந்த வயலின் கலைஞர்கள் 21 பேரை அழைத்து, எந்த வயலின் என்று பார்க்க முடியாதபடி கண்ணாடி அணிவித்து, மங்கிய வெளிச்சத்தில் ஆறு வயலின்களை வாசிக்கச் செய்தார்கள். மூன்று புதியவை. மூன்று பழையவை; அவற்றுள் இரண்டு, உலகம் வணங்கும் ஸ்ட்ராடிவாரியின் கையால் செய்தவை. பெரும்பாலோர் புதிய வயலின் ஒன்றையே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாவற்றையும்விடக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி வயலின். ஸ்ட்ராடிவாரி என்று தெரிந்து கேட்டு அதுவரை கண்ணீர் விட்டவர்கள் எல்லாம் போலிகளா? இல்லை. மனிதன் காதால் மட்டும் கேட்பதில்லை. பெயரால் கேட்கிறான், விலையால் கேட்கிறான், காத்திருந்த நாள்களால் கேட்கிறான், நம்பிக்கையால் கேட்கிறான். வெள்ளி டம்ளரில் குடித்த காபியும் அதே டிகாக்‌ஷன்தான். ஆனால் அதே காபி அன்று.

புதிய பெட்டியை மாட்டிய அன்று நண்பர் இருபது ஆண்டுகளாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, முழு மனத்தோடு உட்கார்ந்து கேட்டார். பாடுகிறவரின் மூச்சு அதற்கு முன்பும் அந்தப் பாட்டில் இருந்தது. அதைக் கேட்கும் அமைதிதான் அவரிடம் இல்லை. அந்த அமைதியை அவர் விலை கொடுத்து வாங்கினார் என்று வைத்துக்கொண்டால், விலை அதிகம் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

நான் கதை எழுதுகிறவன். இந்த விஷயத்தில் கடுமையாகத் தீர்ப்புச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சங்கடம். என் நாவலில் ஒரு பெண் இறந்ததற்காக, இரண்டு நாள் சாப்பாடு பிடிக்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதிய வாசகிகள் உண்டு. அந்தப் பெண் பிறக்கவே இல்லை. இல்லாத ஒன்றைக் காட்டி மெய்யான கண்ணீரை வரவழைப்பதே என் தொழில். அப்படிப்பட்டவன், இல்லாத வேறுபாட்டைக் கேட்டு மெய்யாக மகிழ்ந்த நண்பரைப் பார்த்து ‘பொய்’ என்று எப்படிச் சொல்வது? அவர் வீட்டில், அவர் பணத்தில், அவர் காதில் நிகழ்ந்த ஒன்றுக்குள் நுழைய எவருக்கும் உரிமை இல்லை. அதுவரையில் என் வழக்கில் நண்பரே வென்றவர்.

பிறகுதான் அந்த இளைஞர் வந்தார்.

நண்பர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வருகிறவர். சிறிய கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். தந்தை இல்லை. தங்கை கல்லூரியில் படிக்கிறாள். பழைய பொருள் விற்கும் இடத்தில் நண்பரிடம் உள்ளதைப் போன்ற ஒரு டாக்கை மலிவாக வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள் என்னிடம் தயக்கத்தோடு கேட்டார்: “சார் சொல்கிறார், இந்தப் பவர் சப்ளை இல்லாமல் கேட்பது கேட்பதே அல்ல என்று. அரை மாதச் சம்பளம் ஆகிறது. தவணையில் வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இல்லையா?”

அந்த இடத்தில் வழக்கு வேறு வழக்காகிவிட்டது. ‘நான் இன்புற்றேன்’ என்பது ஒரு வாக்கியம். ‘இந்தப் பெட்டி ஒலியை மாற்றுகிறது’ என்பது இன்னொரு வாக்கியம். முதல் வாக்கியத்துக்கு அதைச் சொன்னவரே சாட்சி, அவரே நீதிபதி, மேல்முறையீடு கிடையாது. இரண்டாவது வாக்கியம் அப்படி அன்று. அது பெட்டியைப் பற்றிய செய்தி. அதை நம்பி இன்னொருவன் பையைத் திறக்கிறான். திறக்கும்போது தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அதே பையில்தான் இருக்கிறது. நண்பர் முதல் வாக்கியத்தை உணர்ந்துவிட்டு இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே நண்பரிடம் போய், ஒரு சோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “என் காதை நான் நம்பக் கூடாதா?” என்றார்.

“உங்கள் காதை மட்டும் நம்பலாம் என்றுதான் சொல்கிறேன். இதுவரை கண்ணும் கூடவே வந்து பேசிக்கொண்டிருந்தது. அதைச் சற்று வெளியே உட்கார வைப்போம்” என்றேன்.

இந்த வகைச் சோதனை புதியதல்ல. கேட்பவருக்கு எது எது என்று தெரியாமல் ஒலிகளை மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் முறையை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தினர் 1950-லேயே விவரித்திருக்கிறார்கள். 2007-ல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர், குறுந்தகட்டின் தரத்தையும் அதைவிட உயர்ந்த தரத்தையும் பலருக்கு மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் 276 முறைதான் விடை சரியாக இருந்தது. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். ஆனால் 2016-ல் இன்னோர் அறிஞர் அத்தகைய 18 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, மிகச் சிறிய அளவில் வேறுபாட்டைக் கேட்கத்தான் செய்கிறார்கள், பயிற்சி பெற்றவர்கள் இன்னும் சற்று நன்றாகக் கேட்கிறார்கள் என்று காட்டினார். ஆகவே ‘யாராலும் கேட்க முடியாது’ என்று முன்கூட்டியே சிரிப்பதும் அறிவல்ல. கேட்டுப் பார்ப்பதே அறிவு.

நண்பர் தமக்குப் பழக்கமான பாட்டைத் தாமே தேர்ந்தெடுத்தார். எத்தனை நேரம் கேட்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். அவருடைய மருமகள் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டி, பூ விழுந்தால் இரும்புப் பெட்டியையும் தலை விழுந்தால் பழைய அடாப்டரையும் மாட்டினாள். மாற்றாத போதும் கழற்றி மாட்டினாள். சத்தத்தைக் கொண்டு ஊகிக்கக் கூடாது அல்லவா? எனக்கும் எது என்று தெரியாது. தெரிந்திருந்தால் என் முகமே விடை சொல்லிவிடும். பத்து முறை கேட்பது என்று வைத்துக்கொண்டோம். கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவன்கூடப் பத்தில் ஆறோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல நூற்றுக்கு 38 வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ சொல்வதற்கு நூற்றுக்கு ஒன்றுதான் வாய்ப்பு. ஆகவே ஒன்பது வந்தால் பெட்டி வென்றது என்று முதலிலேயே பேசி முடித்தோம்.

நண்பர் முதல் மூன்று முறை கம்பீரமாகச் சொன்னார். நான்காவது முறை நெற்றியைச் சுருக்கினார். ஏழாவது முறை, “இன்னொரு தடவை போடம்மா” என்றார். பத்தும் முடிந்து இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்த்தபோது ஆறு சரி, நான்கு தவறு.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் அன்றைக்குக் காலையில் நான் கேட்டது?” என்றார்.

“அது நீங்கள் கேட்டதுதான். அதைக் கொடுத்தது பெட்டி என்பதற்குத்தான் சாட்சி இல்லை” என்றேன்.

அந்தப் பத்து முறையும் சேர்ந்து, உலகில் யாராலும் அந்த வேறுபாட்டைக் கேட்க முடியாது என்று நிரூபித்துவிடவில்லை. ஒரு மனிதர், ஓர் அறை, ஒரு மாலைப் பொழுது. அவ்வளவுதான் அதன் அதிகாரம். ஆனால் நமக்கு வேண்டியது உலகத்தைப் பற்றிய முடிவு அல்ல. அந்த இளைஞரிடம் சாட்சி சொல்ல நண்பரிடம் போதுமான ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லை என்று தெரிந்தது.

நண்பரை நான் பெரிய மனிதர் என்று நினைப்பதற்குக் காரணம் அதற்கடுத்து நடந்தது. மறுவாரம் இளைஞர் வந்தபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்: “தம்பி, எனக்கு இந்தப் பெட்டி பிடித்திருக்கிறது. ஆனால் பார்க்காமல் கேட்டபோது எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் டாக்கில் இரைச்சல் ஏதாவது கேட்கிறதா? இல்லை என்றால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அடாப்டர் என்றைக்காவது கெட்டுப்போனால், அதில் எழுதியிருக்கும் அதே வோல்ட்டில், ஆம்பியர் அதற்குக் குறையாமல், முனையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, நல்லதாக ஒன்று வாங்கி மாட்டினால் போதும்.”

அறுபது வயதைத் தாண்டியவர், தம்மைக் குருவாக நினைக்கும் ஒருவர் முன்னால் இப்படிச் சொல்வதற்கு எத்தனை பலம் வேண்டும்! விலை உயர்ந்த பொருளை வாங்கியவர்கள் அதைப் புகழ்வதற்குப் பல சமயம் பொருள் காரணமாக இருப்பதில்லை. தாம் கொடுத்த விலை வீண் அல்ல என்பதற்கு அவர்களுக்கு ஒரு துணைச் சாட்சி தேவைப்படுகிறது. இன்னொருவரும் வாங்கிவிட்டால் மனம் அமைதி அடைகிறது. ஊரில் பல பொருள்கள் இப்படித்தான் விற்பனையாகின்றன. வாங்கியவரின் சந்தேகமே விற்பனையாளராக மாறிவிடுகிறது.

இதில் நண்பருக்கு ஓர் இழப்பும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அதன்பின் சில வாரங்கள் அவர் பாட்டை முன்போல் கேட்கவில்லை. மூச்சு கேட்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். உண்மை சில சமயம் இன்பத்தின் மேல் இப்படி ஒரு நிழலை விழச் செய்யும். அந்த நிழலை அவர்மேல் விழச் செய்தது நியாயந்தானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இளைஞர் வராமல் இருந்திருந்தால் நியாயம் இல்லை என்றே சொல்வேன். தனிமனிதனின் இன்பத்தைச் சோதனைச்சாலைக்கு இழுத்துக்கொண்டு போவது வீண் கொடுமை. ஆனால் தராசின் மறுதட்டில் ஒரு பெண்ணின் படிப்புச் செலவு வந்து உட்கார்ந்துவிட்டது. ஒருவரின் இன்பம் சில வாரம் மங்குவதும், இன்னொருவரின் அரை மாத உழைப்பு ஆதாரம் இல்லாமல் கரைவதும் ஒரே எடை உடையவை அல்ல. இரும்புப் பெட்டி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. அதன்மேல் தூசி படிய அவர் விடுவதில்லை.

என் கதைகளுக்கும் அவர் பெட்டிக்கும் உள்ள வேறுபாடும் இதிலிருந்து எனக்குத் தெளிவாயிற்று. கதைப் புத்தகத்தின் அட்டையில் ‘நாவல்’ என்று அச்சிட்டிருக்கிறது. வாசகி அழுவதற்கு முன்பே ஒப்பந்தம் செய்துகொள்கிறாள். இல்லாதவளுக்காக அழுகிறோம் என்று தெரிந்தே அழுகிறாள். அட்டையில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, இறந்த பெண்ணின் குடும்பத்துக்கு உதவி வேண்டும் என்று நான் பணம் திரட்டினால், அதே கதை மோசடியாகிவிடும். சொற்கள் மாறவில்லை, வாசகி விட்ட கண்ணீரும் மாறவில்லை. ஆனால் சாட்சி பொய்யாகிவிட்டது.

மின்சாரப் பெட்டி சிறிய பொருள். ஆனால் நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த டாக்டரிடம் போனால் தீர்ந்துவிடும் என்கிறோம். இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் பையன் தேறிவிடுவான் என்கிறோம். இந்த லேகியம், இந்தச் சீட்டு, இந்த மனை, இந்த மாப்பிள்ளை என்று எத்தனையோ விஷயங்களில், ‘எனக்கு நன்றாக இருந்தது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இது நல்லது’ என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவர் நம்மேல் வைத்த அன்பினால் நம்புகிறார். நம் அனுபவத்தின் இனிமைக்கும் பொருளின் குணத்துக்கும் நடுவே உள்ள வாய்க்காலை அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார். பாலம் இருக்கிறதா என்று நாம் பார்த்ததே இல்லை.

ஒவ்வொன்றுக்கும் திரை கட்டிக் காசு சுண்டிக்கொண்டிருக்க முடியாது. வேண்டியதும் இல்லை. ‘எனக்குப் பிடித்தது, ஆனால் சோதித்துப் பார்த்ததில்லை’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும். அதனால் நம் இன்பத்தில் ஒரு துளியும் குறையாது. செவி கேட்டதைச் செவி வைத்துக்கொள்ளட்டும். அங்கே யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. வாய் திறக்கும்போதுதான், எதிரே இருப்பவர் கையில் ஒரு பணப்பை இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.